கல்லாவுக்கு மேலே ஓர் ஆணி

பிளஸ் டூ முடித்த கையோடு ஊட்டியில் ஒரு கல்லூரியில் மருந்தியல் படிக்கச் சேர்ந்தேன். இளங்கலையும் முதுகலையும் ஒன்றாகச் சேர்ந்த ஐந்தாண்டுப் படிப்பு. குன்னூர்ப் பக்கம் எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். இவ்வளவுதான் விவரம். ஆனால் இதை யாரிடமும் முழுதாகச் சொல்லி முடிக்க முடிந்ததில்லை. 'மருந்து' என்று ஆரம்பித்ததுமே கேட்பவர் மீதியைத் தானே முடித்துக்கொள்வார்.

அப்படி முடித்துக்கொண்டவர்களை நான் வகை பிரித்து வைத்திருந்தேன். ஒரு வகையினர் நான் டாக்டருக்குப் படிக்கிறேன் என்று நினைத்தார்கள். இவர்கள் பஸ்ஸிலேயே நாக்கை நீட்டிக் காட்டுவார்கள். இன்னொரு வகையினருக்கு நான் நர்ஸ். இவர்கள் ஊசி வலிக்குமா என்று கேட்பார்கள். மூன்றாம் வகையினர்தான் அதிகம். அவர்களுக்கு நான் மெடிக்கல் ஷாப்பில் நிற்கப்போகிற பெண். இந்த வகைக்குத் தலைமை தாங்கியவர் என் அப்பா.

அப்பா ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் எழுத்தர். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் என்னைப் பற்றிச் சொல்லும்போது, "மெடிக்கல் ஷாப் படிப்புங்க. கொஞ்சம் பெரிய அளவுல" என்பார். சேர்ந்த புதிதில் திருத்தினேன். "கடை வேறப்பா, இது வேற. மாத்திரை உடம்புக்குள்ள போய் என்ன பண்ணுது, உடம்பு அந்த மாத்திரைய என்ன பண்ணுதுன்னு பாக்கற படிப்பு." அப்பா கவனமாகக் கேட்டுவிட்டு, "அது தெரிஞ்சாத்தான கடைல நின்னு எடுத்துக் குடுக்க முடியும்?" என்றார். இதற்குப் பதில் சொல்லக் கொஞ்ச நாள் முயன்றேன். பிறகு பரீட்சை வந்துவிட்டது.

படிப்பைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முதல் மூன்று வருடம் நாங்கள் எந்த உயிருக்கும் மருந்து கொடுக்கவில்லை. இளங்கலை மாணவர்கள் விலங்குகளைத் தொடக் கூடாது என்பதால் எங்கள் எலி கம்ப்யூட்டருக்குள் இருந்தது. திரையில் ஊசியை இழுத்து அதன் முதுகில் விட்டால் வாலை ஆட்டும். அளவைக் கூட்டினால் படுத்துக்கொள்ளும். வகுப்பில் எல்லோருடைய எலியும் ஒரே நொடியில் படுக்கும், ஒரே நொடியில் எழும். மழைக்காலத்தில் கரண்ட் போனால் எல்லா எலிகளும் மொத்தமாகச் செத்துப்போகும். கரண்ட் வந்ததும் பழைய வேகத்தோடு உயிர்த்தெழும். கரண்டைப் போல அவ்வளவு நம்பகமாக வேலை செய்யும் மருந்து எதையும் பாடத்தில் நான் படிக்கவில்லை.

மூன்றாம் வருடக் கடைசியில்தான் பேராசிரியை நிஜமான ஒன்றைக் காட்டுவதாகச் சொன்னார். அதற்குக் கோழிக்குடல் வேண்டும். வாங்கி வர என்னையும் ஒரு தோழியையும் ஊட்டி மார்க்கெட்டுக்கு அனுப்பினார். கோழிக்கடைக்காரரிடம், இப்போதே அறுத்த கோழியின் குடலாக வேண்டும் என்றேன்.

"குடலயெல்லாம் நாய்க்குத்தான் போடுவோம், கண்ணு."

"இது காலேஜுக்குங்கண்ணா."

"காலேஜுல நாய் வளக்கறீங்களா?"

"இல்லீங்கண்ணா, அது மேல மருந்து ஊத்திப் பாப்போம்."

அவர் கத்தியை வைத்துவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "அறுத்த கோழிக்கு மருந்து ஊத்தி என்னத்தக் கண்ணு பண்ணப் போறீங்க? கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா உசுரோடயே குடுத்திருப்பனே."

உப்புக் கரைசல் ஊற்றிய பிளாஸ்கில் குடலைப் போட்டுக்கொண்டு ஓடினோம். ஆய்வகத்தில் ஒரு விரல்கடை நீளத் துண்டைக் கண்ணாடிக் குழாய்க்குள் தொங்கவிட்டார்கள். குழாயைச் சுற்றி உடம்புச் சூட்டில் வெந்நீர் இருக்க வேண்டும். ஊட்டிக் குளிரில் அந்த நீர் சூடேறுவதற்குள் பாதி வகுப்பு தொட்டியைச் சுற்றிக் கைகளை நீட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தது. அறிவியலில் எங்களுக்கு அத்தனை ஆர்வம் அதற்கு முன்பு வந்ததில்லை. பிறகு பேராசிரியை ஒரு சொட்டு மருந்தை விட்டார். குடல் சுருங்கியது. அதோடு கட்டியிருந்த முள் மேலே ஏறி ஒரு கோடு போட்டது. இன்னும் கொஞ்சம் விட்டார். கோடு இன்னும் உயர்ந்தது. அறுத்த கோழிக்கு மருந்து எதற்கு என்று கடைக்காரர் கேட்டதைப் பொருட்படுத்தாமல் அந்தத் துண்டு பதில் சொல்லிக்கொண்டிருந்தது. நாலாவது வருடம் போனால் ஆளுக்கொரு குழாய் கிடைக்கும் என்றார் பேராசிரியை. எனக்கு அந்தக் குழாய் வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

இதில் ஒரு சிக்கல். ஒருங்கிணைந்த படிப்பில் ஒரு வசதி உண்டு. மூன்று வருடம் முடித்ததும் வேண்டாம் என்றால் இளங்கலைப் பட்டத்தோடு வெளியே வந்துவிடலாம். என் பாடத்தின் பெயரே சரியாகத் தெரியாத அப்பாவுக்கு இந்த விதி மட்டும் துல்லியமாகத் தெரிந்திருந்தது. தொடர்வதா, வெளியேறுவதா என்று கல்லூரியில் சொல்ல வேண்டிய வாரத்தில் என்னைப் பெண் பார்க்க மேட்டுப்பாளையத்திலிருந்து ஆட்கள் வருவதாகச் சொன்னார். மாப்பிள்ளை பி.காம். சொந்தமாக மெடிக்கல் ஷாப்.

"உனக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி இருக்குது" என்றார் அப்பா. "இவங்களுக்குப் புடிச்சுப் போச்சுன்னா மூணு வருஷத்தோட நிறுத்திக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. முதலில் இறங்கிய மாப்பிள்ளை தன் அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கினார். பின்னால் அவருடைய தாய்மாமா. அந்தம்மாவின் முகம் வெளுத்திருந்தது. விவரத்தைத் தாய்மாமா வாசலிலேயே சொல்லிவிட்டார்.

"அக்கா மலை ஏறுனதே இல்லீங்க. பர்லியார் வளைவுலயே வாந்தி ஆரம்பிச்சுருச்சு. நம்மகிட்ட கடையே இருக்குதே, மாப்ள ஒடனே வாந்தி மாத்திர குடுத்துட்டான். அதுக்கப்புறமும் நிக்கல. நாலு வளைவு தள்ளி இன்னொண்ணு குடுத்தான்."

"இப்பப் பரவால்லீங்களா?" என்றார் அப்பா.

"பரவால்லீங்க. வாய்தான் வறண்டு போகுது" என்றார் அந்தம்மா.

நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தூக்கத்தையும் சேர்த்துக் கொண்டுவரும் அந்த மாத்திரையை மலை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டிருக்க வேண்டும். வாந்தி வருகிற வயிறு எதையும் கீழே தள்ளாது. போட்ட மாத்திரை அங்கேயே கிடக்கும். கார் நின்று, தலைசுற்றல் அடங்கிய பிறகுதான் வயிறு தன் வேலையைத் தொடங்கும். பாதை முழுக்க வேலை செய்யாத இரண்டு மாத்திரைகளும் எங்கள் வீட்டு சோபாவில் சேர்ந்து வேலை செய்யப்போகின்றன.

"அந்தம்மா தூங்கிடுவாங்கம்மா" என்றேன்.

அம்மா தட்டில் வர்க்கி பிஸ்கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். "வாய வெச்சுட்டு சும்மா இரு. பொண்ணு பாக்க வந்த எடத்துல யாராச்சும் தூங்குவாங்களா?"

நான் டீ கொண்டுபோனபோது அந்தம்மாவின் கண்கள் பாதி மூடியிருந்தன. மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். பேச்செல்லாம் தாய்மாமாதான்.

"எங்களுக்குப் படிச்ச பொண்ணா இருந்தாப் போதுங்க. வேற ஒண்ணும் எதிர்பாக்கறதில்லீங்க."

"படிப்புல இவள அடிச்சுக்க முடியாதுங்க" என்றார் அப்பா.

அப்போது அந்தம்மா கண்ணைத் திறக்காமல் பேசினார். "மூணு வருசமே போதுமுங்க. ஆணி கூட அடிச்சாச்சு."

அப்பா குழம்பினார். "என்ன ஆணிங்க?"

"கல்லாவுக்கு மேலங்க. சர்டிபிகேட்டு மாட்டறதுக்கு. இப்ப மாட்டியிருக்கறது எவனோ ஒரு பையனோடது. மாசாமாசம் வாடகை வாங்கிக்கறான், மூஞ்சியே காட்டறதில்ல. இன்ஸ்பெக்டரு வந்தா எம் மகனுக்கு நெஞ்சு படபடங்குது. ஊட்டுக்குள்ளயே ஒரு சர்டிபிகேட்டு வந்துருச்சுன்னா..." மீதி மூச்சாக வெளியே வந்தது.

"அக்கா, நீ தூக்கத்துல என்னென்னமோ பேசற" என்றார் தாய்மாமா அவசரமாக.

"தூங்கலடா. கேட்டுட்டுத்தான் இருக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவர் தூங்கிப்போனார்.

மருந்துக் கடை நடத்தப் பதிவு செய்த மருந்தாளுநர் ஒருவர் வேண்டும். சில கடைகளில் அவர் சுவரில் மட்டும் இருப்பார். எனக்கு வந்திருந்தது அந்த வேலைதான். நிற்கக்கூட வேண்டியதில்லை, தொங்கினால் போதும்.

ஆனால் என் பட்டம் அந்த ஆணிக்குப் பொருந்தாது. மருந்தியல் படித்தவரை மருந்தாளுநராகப் பதிவு செய்ய மாட்டார்கள். இதை நான் வாய்விட்டுச் சொன்னால் இந்தச் சம்பந்தம் போய்விடும். கூடவே அப்பாவின் மூன்று வருட நம்பிக்கையும் போய்விடும். கடைக்கே உதவாத படிப்பை இன்னும் இரண்டு வருடம் எதற்குப் படிக்க வேண்டும் என்று அவர் கேட்டால் என் குழாயும் போய்விடும். சொல்லாவிட்டால் மேட்டுப்பாளையம். தட்டைக் கீழே வைத்தேன்.

"என் சர்டிபிகேட்ட மாட்டுனா செல்லாதுங்க" என்றேன். "அதுக்குப் பார்மசி படிச்சிருக்கணும். நான் படிக்கறது வேற."

தாய்மாமா சிரித்தார். "அதெப்படி அம்மிணி? ரெண்டு வருசம் டிப்ளமோ படிச்சவனே கடை வெக்கறான். அஞ்சு வருசப் படிப்புன்னா ரெண்டு கடையே வெக்கலாமே?"

"அஞ்சு வருஷம் முடிச்சாலும் ஒரு கடை கூட வெக்க முடியாதுங்க."

அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை, "அவங்க சொல்றது சரியா இருக்குமுங் மாமா. நாம விசாரிக்காம விட்டுட்டோம்" என்றார். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் மூன்று வருடமாகக் குவார்ட்டர்ஸில் அவர் சொல்லி வைத்திருந்ததெல்லாம் தெரிந்தது.

தாய்மாமா சீக்கிரமே தேறிவிட்டார். "ஒண்ணும் கெட்டுப் போகலீங்க. புள்ள இதை இப்பவே நிறுத்திட்டு அந்த ரெண்டு வருச டிப்ளமோவுல சேந்துக்கட்டும். மேட்டுப்பாளையத்துல இருந்தே போய்ட்டு வரலாம். செலவு எங்களது."

எனக்கு மீதமிருந்ததும் இரண்டு வருடம்தான். அதே இரண்டு வருடத்தை எடுத்து ஆணிக்கு ஏற்றபடி வெட்டித் தைக்கச் சொல்கிறார். அப்பா மறுத்துவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யோசிக்கிறார் என்று அர்த்தம்.

அதுவரை கதவோரம் நின்றிருந்த அம்மா மாப்பிள்ளையிடம் கேட்டாள். "ஏனுங் தம்பி, கடை உங்களோடது. அந்த டிப்ளமோவ நீங்களே படிச்சுட்டா ஆகாதுங்களா?"

சோபாவில் அந்தம்மாவின் குறட்டை மட்டும் கேட்டது.

"நான் காமர்ஸ் குரூப்புங் அத்தை" என்றார் மாப்பிள்ளை. "சயின்ஸ் படிச்சாத்தான் சேத்துக்குவாங்க."

"யோசிச்சுச் சொல்றோமுங்க" என்றார் அப்பா.

"சொல்லுங்க. அக்கா தெளிஞ்சதும் பேசிட்டு நாளைக்கு நாங்களும் ஒரு முடிவு சொல்லிடறோம்" என்றார் தாய்மாமா.

இரண்டு பக்கமும் தாங்கி அந்தம்மாவைக் காரில் ஏற்றினார்கள். மாப்பிள்ளை திரும்பி வந்து, அன்று முதன்முறையாக என்னைப் பார்த்துக் கேட்டார். "மலை எறங்கறப்ப அம்மாவுக்கு இன்னொண்ணு குடுத்துறட்டுங்களா?"

"வேண்டாங்க. உள்ள இருக்கறதே போதும். முன் சீட்டுல உக்கார வைங்க."

"சரிங்க" என்று மாத்திரை அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். என் படிப்பைப் பற்றி அன்று கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். நல்ல மனிதர். அவருக்கு வேண்டியது ஒரு மருந்தாளுநர்.

கார் போனதும் அப்பா அந்த சோபாவிலேயே உட்கார்ந்தார். "கடைக்கு ஆகாதுன்னு ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"மொத மாசமே சொன்னேம்ப்பா."

"சொன்னா" என்றாள் அம்மா.

"அப்ப எதுக்குத்தான் ஆகும்?"

மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சி, புது மருந்தைச் சோதிக்கும் இடங்கள், கல்லூரி ஆசிரியர் வேலை என்று வரிசையாகச் சொன்னேன். எதுவும் உடனே கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன். அந்த வரிசை அப்பாவை அசைக்கவில்லை. ஒரு டிப்ளமோ, ஒரு சொந்தக் கடை, செலவு அவர்களுடையது. அவர் மனதுக்குள் அந்தத் தராசுதான் ஆடிக்கொண்டிருந்தது.

"அந்தம்மா தூங்கிடுவாங்கன்னு இவ அப்பவே சொன்னாளுங்க" என்றாள் அம்மா. "நாந்தான் அதட்டுனேன்."

அப்பா நிமிர்ந்தார். "எப்ப?"

"அவங்க வந்து ஒக்காந்ததுமே."

"உனக்கெப்படித் தெரிஞ்சுது?" என்று என்னைக் கேட்டார்.

சொன்னேன். வயிறு, இரண்டு மாத்திரை, ரத்தம், மூளை என்று ஒவ்வொன்றாக. அப்பா குறுக்கே பேசவில்லை. ஈரல் வரைக்கும் வந்தபோது கை காட்டி நிறுத்தினார்.

"எப்பத் தெளிவாங்க?"

"ராத்திரி வரைக்கும் மந்தமாத்தான் இருக்கும். காலைல தெளிஞ்சுடும்."

"நல்லாத் தெரியுமா?"

"ரெண்டு மாத்திரைப்பா. நல்லாத் தெரியும்."

அவர் அம்மா பக்கம் திரும்பினார். "தெளிஞ்சா என்ன சொல்லுவாங்க?"

"அந்த டிப்ளமோ கதையெல்லாம் தம்பிக்காரர் பேசுனது. அந்தம்மா தெளிஞ்சதும், கடைக்கு ஆகாத பொண்ணு வேண்டாம்னுதான் சொல்லும்" என்றாள் அம்மா. "குவார்ட்டர்ஸ் பூரா அதத்தான் பேசுவாங்க."

"அப்ப அவங்க சொல்றதுக்குள்ள நாம சொல்லிடணும்" என்று அப்பா போனை எடுத்தார். கார் அப்போது மலைப்பாதையில் காட்டேரிப் பூங்காவைத் தாண்டியிருக்கும். தாய்மாமாதான் எடுத்தார் போலிருக்கிறது.

"நாந்தானுங்க பேசறேன்... இல்லீங்க, யோசிச்சாச்சுங்க. பொண்ணு அஞ்சு வருசமும் இங்கயே படிக்கறாளுங்க... இல்லீங்க, டிப்ளமோ வேண்டாங்க... ஆமாங்க, கடைக்கு ஆகாதுங்க. மாத்திர உள்ள போயி என்ன பண்ணுதுன்னு பாக்கற படிப்புங்க இது..." சற்று நேரம் அந்தப் பக்கம் சொல்வதைக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஐயையோ, அக்காவ எழுப்பாதீங்க. காலைல வரைக்கும் நல்லாத் தூங்கட்டும்."