கல் இந்தப் பக்கம், ஆள் அந்தப் பக்கம்

மற்றவர்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் கை கால் கழுவுவார்கள். என் தொழிலில் தலை முழுக வேண்டும்.

பழைய பட்டாளத்துக்காரர்களின் கல்லறைகளைத் தேடிப் போய், கல்லில் இருப்பதைப் படித்து, அந்த ஆள் யார், எந்தச் சண்டைக்குப் போனார், எப்படித் திரும்பினார் என்று விசாரித்து எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. சரித்திரத்தில் எம்.ஏ. முடித்து, ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். தற்காலிகம் ஒருநாள் முடிந்துபோனது, இதில் வந்து விழுந்தேன். ஆரணியில் பட்டு நெய்கிறவருக்கு, பட்டு விற்கிறவருக்கு, நெல் அரைக்கிறவருக்கு எல்லாம் ஒரு மரியாதை உண்டு. எனக்கு 'கல்லறை குமார்' என்று பெயர். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் 'இப்ப என்ன பண்றே?' என்று யாராவது கேட்டு, நீங்களும் பேச்சை மழைக்கும் வெயிலுக்கும் மாற்றியிருந்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

போணி

தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் பெரிய கடை ஒன்றுக்குப் போனேன். என் அப்பா காலமெல்லாம் நெய்து கொடுத்தது அந்தக் கடைக்குத்தான். அப்போதுதான் சாம்பிராணி போட்டு முடித்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முதலாளி கல்லாப்பெட்டியை விட்டு எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார். ஆகா, அப்பா நெய்த நெசவுக்கு இன்னும் மதிப்பிருக்கிறது என்று நினைத்தேன். அன்றைக்கு நான் எந்தக் கல்லறைக்கும் போகவில்லை. குளித்துவிட்டு நேராக வீட்டிலிருந்துதான் வந்திருந்தேன். அவர் என் தோளில் கை போட்டு, வந்த வழியே மெதுவாகத் திருப்பிவிட்டுச் சொன்னார்:

"தப்பா எடுத்துக்காத தம்பி. மொதல் போணி ஆகட்டும், அப்பறமா வா. நீ எங்க சுத்திகினு வர்றேன்னு ஊருக்கே தெரியும்."

கண்ணாடி

தேய்ந்த எழுத்தைப் படிக்க ஒரு வழி உண்டு. காலை வெயில் சாய்வாக இருக்கும்போது முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து, வெளிச்சத்தைக் கல்லின் மேல் பக்கவாட்டில் விழ வைக்க வேண்டும். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து வரும். அதற்கு முன்னால் தண்ணீர் தெளித்து, மெத்தென்ற பிரஷ்ஷால் பாசியை எடுக்க வேண்டும். மாவு, சாக்பீஸ், கம்பி பிரஷ் எதுவும் கூடாது.

ஊர்க் கோடியில் இருக்கும் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்கு முதல்முதலாக இந்தச் சாமான்களோடு போனேன். எந்தச் சபையுடையது என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அங்கே குழி வெட்டுகிற ஏசுதாஸ் ஒரு கல்லறை மேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். நான் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதை வேடிக்கை பார்த்தவர், கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டார்:

"கண்ணாடி, தண்ணி, பிரஷ்ஷு... இன்னா சார், செத்தவனுக்கு ஷேவிங் பண்ண வந்துகிறியா?"

ஆடு

நமக்குக் காசு தருகிறவர்கள் பெரும்பாலும் கடல் தாண்டி இருப்பவர்கள். அவர்களுடைய கொள்ளுத் தாத்தாவுக்குத் தாத்தா இங்கே வந்து, ஒரு குண்டும் சுடாமல், காய்ச்சலில் போயிருப்பார். ஆனாலும் அவருக்கு ஆள் உயரக் கல், சுற்றி இரும்பு வேலி. வேலிக்குள் புல் நன்றாக வளர்வதால் ஆடுகளுக்கு அங்கே நிரந்தரக் குடியிருப்பு. அப்படி ஒரு துரையின் கல்லறையைச் சுத்தம் செய்து, வெயிலுக்குக் காத்திருந்து படமெடுத்து, வாழ்க்கைக் குறிப்போடு அனுப்பினேன். அந்தத் துரையின் மூட்டையைச் சுமந்த சிப்பாய் எங்கே புதைந்தான் என்று தெரிந்துகொள்ள ஆசையா என்றும் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தேன். பதில் வந்தது:

"படம் அருமை. ஆடு இல்லாமல் ஒன்று கிடைக்குமா?"

ஒரு ரேங்க்

கல்லில் இல்லாததை எழுத மாட்டேன், நிச்சயம் தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். இந்தத் தொழிலில் எனக்கு இருக்கிற ஒரே சொத்து இதுதான், இதனால் கெட்டுப்போனவனும் நான்தான். கலசப்பாக்கத்துப் பக்கம் ஒருவர் தன் பாட்டனாரின் கல்லைப் படிக்கக் கூப்பிட்டார். வீட்டில் கல்யாணம், பத்திரிகையில் 'சுபேதார் பேரன்' என்று போட வேண்டுமாம். கல்லில் ஹவில்தார் என்றுதான் இருந்தது. பார்த்துப் பார்த்துக் கண்ணாடியைத் திருப்பினாலும் ஹவில்தார் சுபேதார் ஆகவில்லை. அப்படியே எழுதிக் கொடுத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு இலை போட்டிருந்தார்கள். அந்த இலையை எடுக்கச் சொல்லிவிட்டு அவர் கேட்டார்:

"செத்துப்போன மனுசனுக்கு ஒரு ரேங்க் சேத்துப் போட்டா உங்க அப்பன் வூட்டு சொத்தா பூடுது?"

சுவருக்கு அந்தாண்ட

ஏசுதாஸ் குழி வெட்டுகிற அந்தக் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. முன்பக்கம் சலவைக்கல், தேவதைச் சிலை, சிமெண்ட் நடைபாதை. பின்பக்கம் முள்ளும் மண்மேடும் ஒரு பூவரச மரமும். ஏசு ஒருவர்தான், சாதி செத்த பிறகும் இரண்டு. இதைப் படித்துவிட்டு எங்களவர்கள் யாரும் சிரிக்க வேண்டாம். எங்கள் சுடுகாட்டுக்கும் பாதை இரண்டுதான்.

ஸ்டெல்லா என்னைத் தேடி வந்தது அந்தப் பின்பக்கத்துக் கல் ஒன்றுக்காக. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறவர். அவருடைய அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். அவருக்கு ஒரே ஒரு ஆசை: தன் தாத்தாவையும், பிறகு அப்பாவையும் புதைத்த அதே குடும்பக் குழியில் தன்னையும் வைக்க வேண்டும். பின்பக்கத்தில் கல் இருந்தால் குழி குடும்பத்துக்குச் சொந்தம். கல் இல்லாவிட்டால் யாருக்கும் தோண்டலாம். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அடித்த சுண்ணாம்பு கல்லின் எழுத்தை மூடிவிட்டது. பெயர் தெரியாத கல்லை நாளைக்கு யாராவது கல்லே இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று ஸ்டெல்லாவுக்குப் பயம்.

ஈரச் சாக்கைப் போர்த்தி, சுண்ணாம்பை ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். கண்ணாடியைப் பிடித்ததும் எழுத்து வந்தது. 'நாயக் யாக்கோபு, பாலம் போடும் பட்டாளம். பஸ்ரா யுத்தத்துக்குப் போய் வந்தவர். கூட இருந்த சிப்பாய்கள் வைத்த கல்.' முதல் உலகப் போரில், ஈராக் பாலைவனத்தில் பாலம் போட்ட படையில், ஹவில்தாருக்கு ஒரு படி கீழே நாயக்காக இருந்து, உயிரோடு ஆரணிக்குத் திரும்பிய ஒரு மனிதர்! கொள்ளுப் பேத்திக்குப் பெருமையாகப் படித்துக் காட்டினேன். ஸ்டெல்லா கொஞ்ச நேரம் கல்லைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார்.

"சண்டைக்குப் போனாருன்னு எங்களுக்குத் தெரியும் சார். அவ்ளோ தூரம் போய் வந்தவுரு செவுத்துக்கு இந்தாண்ட ஏன் படுத்துகினு கீறாருன்னு அதுல போட்டுக்குதா?"

மாலை

விஷயம் எப்படியோ பரவியது. முன்னாள் ராணுவத்தினர் சிலர் வந்து அஞ்சலி செலுத்த விரும்புகிறார்கள் என்றதும் கல்லறைக் கமிட்டிச் செயலாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வெள்ளை வேட்டி, மிருதுவான பேச்சு. விருந்தாளிகளை முள்ளுக்குள் கூட்டிப்போக முடியாது, கல்லைப் பெயர்த்து முன்பக்கம் நட்டுவிடலாம் என்றார். நான் பதறிப்போனேன். கல் அந்தக் குடும்பத்தின் குழிக்கு அடையாளம், அதை எடுத்தால் அவர்கள் பாத்தியதையே போய்விடும், வேண்டுமானால் சுவரில் ஒரு வாசல் வைத்து வழி விடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். வாசல் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் முகம் இறுகிவிட்டது. "கல்லைக் கொண்டுவருகிறீர்கள், சரி. அந்த மனிதர் அங்கேயே அல்லவா இருக்கிறார்?" என்று கேட்டேன்.

"மனுசன் எதுக்குங்க? மாலைய கல்லுக்குத்தான போடப் போறோம்!"

விழா

ஜேசிபி வந்தது. கல்லைப் பெயர்த்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. விருந்தாளிகளின் கார் நிறுத்த இடம் வேண்டும் என்று பின்பக்கத்தை மேடு பள்ளம் பார்க்காமல் நிரவிவிட்டார்கள். காருக்கு மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் போகத் தடையில்லை, பின்பக்கத்து ரோட்டிலிருந்து வழி இருந்தது. அங்கே இருந்த பூவரச மரமும் போயிற்று. கல்லுக்குச் சலவைக்கல் மேடை கட்டி, எழுத்துக்குத் தங்க வர்ணம் பூசியிருந்தார்கள். 'கூட இருந்த சிப்பாய்கள் வைத்த கல்' என்ற வரி மேடைக்குள் புதைந்துவிட்டது. அந்த இடத்தில் கமிட்டியார் பெயர்கள், யாக்கோபின் பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாக.

ஸ்டெல்லாவுக்கு அழைப்பு இல்லை. கொடி பிடித்து நிற்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அவர்களைக் கூட்டிவந்த வகையில் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மாலை போட்ட முன்னாள் ராணுவப் பெரியவர், பாவம், நல்ல மனிதர். மைக்கைப் பிடித்து, 'இந்த வீரரின் குடும்பத்தார் யாராவது வந்திருக்கிறார்களா?' என்று கேட்டார். ஸ்டெல்லா கையைத் தூக்கினார். "இதோ இருக்காங்க!" என்று நானும் கத்தினேன். செயலாளர் எங்கள் பக்கம் திரும்பி, தூக்கிய கையை நன்றாகவே பார்த்தார். பேண்டுக்காரர்களுக்குச் சைகை காட்டிவிட்டு, பெரியவரிடம் மைக்கிலேயே சொன்னார்:

"ரொம்பத் தேடிட்டோங்க ஐயா, ஒருத்தரும் கெடைக்கல."

குழி

அந்த மழைக்காலத்தில் ஸ்டெல்லாவின் அப்பா இறந்துபோனார். முன்பக்கம், அந்தக் கல்லுக்குப் பக்கத்திலாவது ஒரு இடம் கொடுங்கள் என்று ஸ்டெல்லா கமிட்டியிடம் கேட்டார். முன்பக்கம் இடமில்லை என்று பதில் வந்தது. சரி, எங்கள் குடும்பக் குழியிலேயே வைக்கிறோம் என்றார். கல் இருக்கிற குடும்பத்துக்குத்தானே அந்தச் சலுகை, உங்களுக்குத்தான் கல்லே இல்லையே என்றார்களாம். கடைசியில், பின்பக்கம் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள் என்று பெருந்தன்மையாக விட்டார்கள்.

எங்கே வெட்டுவது? கல்லைப் படித்த அன்றே அது பூவரச மரத்திலிருந்து எத்தனை அடி என்று அளந்து வைத்திருந்தேன், இப்போது மரம் இல்லை. என்னிடம் இருந்த படத்தில் கல் தெரிந்தது, பின்னால் சுவர் தெரிந்தது. சுவரோ இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே மாதிரி. "அந்தக் கல்ல வெச்சித்தான் சார் நானே அடையாளம் பாப்பேன்" என்று ஏசுதாஸ் கடப்பாரையோடு நின்றார், கிண்டல் பேச்செல்லாம் அவரிடமிருந்து போய்விட்டிருந்தது. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரு இடத்தைக் காட்டினேன். வெட்டினார். குடும்பக் குழி என்றால் பழைய எலும்பு வரும், பலகைத் துண்டாவது வரும். இடுப்பளவு, மார்பளவு வெட்டியும் சுத்தமான செம்மண்தான் வந்தது. சவப்பெட்டி தோட்டத்து வாசலுக்கு வந்துவிட்டது. மழை வேறு பிடித்துக்கொண்டது. இன்னொரு குழிக்கு நேரமில்லை.

ஸ்டெல்லா என்னிடம் வந்து, "இதானா சார் எங்க எடம்?" என்று கேட்டார். ஒரு ரேங்க் கூட்டிப் போட மறுத்துச் சோற்றிலையை இழந்தவன் நான். அன்றைக்கு அந்தச் செம்மண்ணைப் பார்த்துக்கொண்டே, "ஆமாம்மா, இதுதான், சந்தேகமே இல்லை" என்றேன். அவர் குழிக்குள் பார்த்தார். மேலே கிடந்த மண்ணைப் பார்த்தார். பிறகு என் வெறுங்கையைப் பார்த்து, அழுகைக்கு நடுவில், கோபமே இல்லாமல் கேட்டார்:

"இன்னிக்கு கண்ணாடி எடுத்துகினு வர்லியா சார்?"

பஸ்ராவுக்குப் போயும் காணாமல் போகாமல் திரும்பி வந்த ஒரு சிப்பாயை, புதைத்த இடத்திலேயே காணாமல் அடித்த பெருமை எங்கள் ஊரைத் தவிர வேறு எந்த ஊருக்கும் இருக்காது.