நாலு கோடும் ஒரு பிளேடும்

தோஹாவில் எங்கள் ஆபீஸ் மத்தியானம் ஒரு மணிக்கு மூடினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். நடுவில் ஊரே தூங்கும், எனக்கு மட்டும் தூக்கம் வராது. வயது இருபத்து நான்கு, வேலை கட்டட வரைபடம் போடும் டிராப்ட்ஸ்மேன். சிவில் டிப்ளமா முடித்தவன், கர்நாடக சங்கீதம் ஏழு வருஷம் கற்றவன். ஆர்வம் எதில் என்று கேட்டால், அந்த வாரம் எது கண்ணில் பட்டதோ அதில். "ஒரு மணி நேரம் சும்மா கிடக்க முடியாதாடே உனக்கு?" என்று நஜ்மா ஏரியாவில் என்னோடு ஒரே ரூமில் இருந்த அண்ணாச்சி அலுத்துக்கொள்வார். திருநெல்வேலிக்காரர், சைட்டில் ஃபோர்மேன்.

அப்படித் தூங்காமல் ஆபீசுக்குத் திரும்பிய ஒரு மத்தியானத்தில்தான், எங்கள் சீஃப் என்ஜினியர் தன் அறையில் பாடுவதைக் கேட்டேன். இங்கிலீஷ்காரர், ஆறடிக்கு மேல் உயரம். ஐரோப்பிய சங்கீதம் என்றால் ஐம்பது பேர் சேர்ந்து ஐம்பது வாத்தியம் வாசிப்பது என்று நினைத்திருந்தவன் நான். இவரோ ஒற்றைக் குரலில், தாளமே இல்லாமல், ஜன்னல் ஏசியின் இரைச்சலைச் சுருதியாக வைத்துக்கொண்டு நம் விருத்தம் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தார். தட்டாமல் கதவைத் திறந்துவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கேட்க ஒருத்தன் கிடைத்தானே என்ற சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. அவர் பாடியது, எழுநூறு வருஷத்துக்கு முன் பிரான்சில் ஒரு மடத்தில் தோலில் எழுதிய பாட்டுப் புத்தகத்திலிருந்து. ஒரே ஒரு ஏட்டின் இரண்டு பக்கங்களையும் அங்கிருந்த நூலகம் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தது. நாலு கோடு, அவற்றின் மேல் சதுரம் சதுரமாகச் சுரங்கள். எந்தச் சுருதியில் பாடுவது என்று கேட்டேன். பாடுகிறவர் இஷ்டம் என்றார். அட, நம்ம ஆள்!

மூன்று வருஷமாக அந்தப் பாட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். ஆறாவது வரியில் ஒரு சொல்லின் நடுவே இரண்டு விரல் அகலத்துக்குச் சுரமே இல்லாமல் காலி இடம். அங்கே துறவிகள் வேண்டுமென்றே மூச்சை அடக்கி மௌனம் காத்தார்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அதற்கு மட்டும் மூன்று பக்கம். லண்டனில் ஒரு பத்திரிகை கட்டுரையைக் கேட்டிருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் விமானம் ஏறும் நண்பர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். போட்டோ மங்கல் என்பதால் கூடவே, மேலே ஒளி ஊடுருவும் தாளை வைத்து மையால் பிரதியெடுத்த ஒரு சுத்தமான டிரேசிங்கும் தேவை.

"நான் போடுகிறேன் சார்" என்றேன், அவர் கேட்பதற்கு முன்பே.

வெள்ளிக்கிழமை காலைகளில் அவர் வீட்டில் நாலு பேர் கூடி இதையெல்லாம் பாடுவார்களாம். டிரேசிங் நன்றாக வந்தால் ஐந்தாவது ஆளாக வரலாம் என்றார். வேறென்ன வேண்டும் எனக்கு? மூன்று மத்தியானம் உட்கார்ந்து போட்டேன். டிவைடர் வைத்து அளந்து, நெருக்கியடித்து நின்ற சுரங்களைத் தள்ளி நிறுத்தி, விலகி நின்றவற்றை இழுத்து வந்து, எல்லாவற்றுக்கும் ஒரே இடைவெளி கொடுத்தேன். அவர் சொன்ன அந்தப் பெரிய காலி இடத்தை மட்டும் தொடவில்லை. செவ்வாய்க்கிழமை கொண்டுபோய் வைத்தேன்.

அதைப் பார்த்துப் பாட ஆரம்பித்தவர் இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டார். "ரொம்ப அழகு. ஹோட்டல் கட்டடம் மாதிரி இருக்கிறது" என்றார். பிறகு மெதுவாக விளக்கினார். ஒட்டி நிற்கும் சுரங்கள் ஒரே மூச்சில் சேர்ந்து போக வேண்டியவை. விலகி நிற்பவை தனி. இடைவெளியும் பாட்டில் ஒரு பகுதி.

எனக்குக் காது சூடாகிவிட்டது. நம் நோட்டில் ஸரிக, ரிகம என்று பிரித்துப் பிரித்துத்தானே எழுதுகிறோம்! ஏழு வருஷம் அதைப் பார்த்தே பாடியவன், பேனாவைக் கையில் எடுத்ததும் தூண் நடுகிற ஆளாகிவிட்டேன்.

"வியாழன் ஐந்து மணிக்குள் முடியுமா?"

"முடியும் சார்."

புதன்கிழமை மத்தியானம் அண்ணாச்சியும் ஆபீசுக்கு வந்துவிட்டார். ரூமில் ஏசி ரிப்பேர். என் மேஜைக்கு அடுத்த மேஜையில் நீட்டிப் படுத்துக்கொண்டார். நான் பிளேடால் தப்புச் சுரங்களைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். டிரேசிங்கில் விழுந்த மையை எடுக்க எங்களுக்கு வேறு வழி கிடையாது. அவசரத்தில் ஓர் இடத்தில் பிளேடு ஆழமாக இறங்கி, தாளில் பொத்தல் விழுந்துவிட்டது.

"போச்சு!"

"என்னடே போச்சு?"

குனிந்து அந்தப் பொத்தலையே பார்த்தேன். அடியில் கிடந்த பில்டிங் பிளானின் கோடு ஒன்று அதன் வழியே துண்டாகத் தெரிந்தது. வளைந்த விளிம்பு, உள்ளே வேறொரு தாளின் கோடு. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன். போட்டோவை இழுத்தேன். ஆறாவது வரி. அந்தக் காலி இடத்தைச் சுற்றி மங்கலாக ஒரு வளைவு. உள்ளே அழுக்கு என்று நான் விட்டுவிட்ட புள்ளிகள் அழுக்கே இல்லை, அடுத்த ஏட்டின் எழுத்துகள்.

ஏட்டின் மறுபக்கப் போட்டோவையும் எடுத்தேன். அதிலும் ஒரு காலி இடம் இருந்தது. இரண்டு பக்கத்தின் விளிம்புகளையும் காலி இடங்களையும் தனித்தனி டிரேசிங்கில் போட்டு, ஒன்றைத் திருப்பி மற்றதன் மேல் வைத்து, ஜன்னல் வெயிலில் பிடித்தேன். அச்சாகப் பொருந்தியது. தோலில் ஓட்டை! எழுதியவர் அதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார், அவ்வளவுதான்.

அண்ணாச்சிக்கு விளக்கியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஆட்டுத் தோல்ல ஒரு ஓட்டை. அதுக்கு மூணு பக்கமா எழுதியிருக்காரு?"

"சிரிக்காதீங்க அண்ணாச்சி. இதை எப்படி அவர்கிட்டச் சொல்றது?"

"சொன்னா உன் வெள்ளிக்கிழமைக் கச்சேரி காலி. சொல்லலன்னா லண்டன்ல அவரு மானம் காலி. எதுன்னு நீயே பாத்துக்கோ" என்று மறுபடி படுத்தார். ஒரு நிமிஷம் கழித்து, கண்ணைத் திறக்காமலே, "இன்னும் போவலியா நீ?" என்றார்.

போனேன். முதலில் என் பொத்தலைக் காட்டினேன், அப்புறம் அவருடையதை. இரண்டு டிரேசிங்கையும் வாங்கி ஜன்னலுக்குப் போனார். ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து வெயிலில் பிடித்தார். என்னைச் சைட்டுக்கே மாற்றிவிடுவார் என்று நினைத்தேன். பிறகு அந்த ஆறடி முதுகு குலுங்கத் தொடங்கியது. எட்டிப் பார்த்தால், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மூன்று வருஷமாக அந்த இடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

வியாழக்கிழமை விமானம் கட்டுரை இல்லாமல்தான் போனது. மூன்று பக்கத்தையும் அவரே கிழித்தார். என் இரண்டு டிரேசிங்கையும் சேர்த்துப் புதிதாக எழுதப் போவதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் அறை வாசல் வரை வந்தபோது பின்னாலிருந்து, "ஒன்பது மணி. லேட் ஆகாதே" என்றார்.

வெள்ளிக்கிழமை ஐந்து பேரும் ஏசியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் பாடினோம். ஆறாவது வரி வந்தது. நாங்கள் நாலு பேர் ஒரே மூச்சில் ஓட்டையைத் தாண்டிப் போய்விட்டோம். அவர் மட்டும் பழக்க தோஷத்தில் வாயை மூடிக்கொண்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.