பெரியகுளத்தில் ஓடுது, தேவதானப்பட்டியில் ஓடல

தேவதானப்பட்டியில் காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் பவானியிடம் வந்து பத்திரிகையோ பிளெக்ஸோ அடித்துக்கொண்டு போவார்கள். கல்யாணத்துக்கு முன்பு தேனியில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்துப் பழகிய கை. பிறகு பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, வீட்டின் முன் அறையிலேயே டி.டி.பி. சென்டர் போட்டுவிட்டாள். கணவர் சுருளிராஜன் லோடு வேன் ஓட்டுகிறார். காலையில் தக்காளி ஏற்றப் போனால் சாயங்காலம்தான் வருவார்.

அவளுக்கு இருந்த ஒரே தலைவலி வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவ்கள்தான். ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு வைரஸ் இருக்கும். ஒருமுறை ஒரு கல்யாண வீட்டுப் படங்கள் எல்லாமே திறக்காத ஐகான்களாக மாறிவிட்டன. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் சித்தி மகன் வினோத்ராஜ்தான் யோசனை சொன்னான்.

"அக்கா, விண்டோஸ் பாட்டுக்கு இருக்கட்டும். பக்கத்துலயே லினக்ஸ்னு இன்னொரு சிஸ்டமும் போட்டுக்கங்க. ஆன் பண்ணுனா எது வேணும்னு கேக்கும். அடுத்தவுக பென்டிரைவ அதுல மட்டும் தொறங்க. இந்த வைரஸெல்லாம் அங்கன வேலைக்காகாது."

வீடியோ பார்த்து, ஒரு மத்தியான நேரம் அவளே ஆரம்பித்தாள். கணினி வட்டில் (ஹார்ட் டிஸ்க்கில்) லினக்ஸுக்கு இடம் பிரித்தாயிற்று. எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் கோடு பாதிக்கு மேல் நகர்ந்திருந்தது. அப்போது பார்த்துக் கரன்ட் போனது. யூ.பி.எஸ். கொஞ்ச நேரம் கீச்கீச்சென்று கத்தியது, அதுவும் அடங்கிவிட்டது.

கரன்ட் வந்தபின் கணினியைப் போட்டாள். கறுப்புத் திரையில் இரண்டு ஆங்கில வரிகள். துவங்குவதற்கு எந்த வட்டும் கிடைக்கவில்லையாம். லினக்ஸ் இல்லாதது புரிந்தது, பாதியில் நின்றதுதானே. விண்டோஸ் எங்கே போனது? அதைத்தான் அவள் தொடவே இல்லையே.

வினோத்ராஜுக்குப் போன் போட்டாள். "ஐயையோ, விண்டோஸ் இருந்த எடத்தையே அழிச்சிட்டீகளோ என்னமோ" என்றான். ஜெயமங்கலத்து மலைச்சாமி வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகை அதற்குள்தான் இருந்தது. தாய்மாமன்கள் பெயரை யாருக்கு அடுத்து யாரைப் போடுவது என்று இரண்டு நாள் சண்டை நடந்து, முந்தாநாள்தான் எல்லாரும் ஒருவழியாக ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு பெரியகுளம் பஸ்ஸில் போனாள். அங்கே சர்வீஸ் கடை வைத்திருக்கும் அஜய்குமார், விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் செட்டப் திரைக்குள் போய் எதையோ மாற்றினான். விண்டோஸ் வந்துவிட்டது. மலைச்சாமி பத்திரிகையும் பத்திரமாக இருந்தது.

"வட்டு எந்த முறையில ஆரம்பிக்கணும்கிற செட்டிங் மாறிப்போச்சுக்கா. விண்டோஸுக்கு ஒண்ணும் ஆகல" என்றான். லினக்ஸையும் அவனே முழுதாகப் போட்டான். திரையில் இரண்டு பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. திரும்பத் திரும்ப நிறுத்திப் போட்டுக் காட்டினான். ஒவ்வொரு தடவையும் வந்தன.

வீட்டுக்கு வந்து போட்டால் அதே கறுப்புத் திரை.

"பஸ்ஸுல ஆட்டம் கண்டு கேபிள் கழண்டிருக்கும்" என்றான் அஜய்குமார் போனில். மீண்டும் பஸ் ஏறினாள். அவன் கேபிளை மாற்றினான். அப்போதும் வராமல் போகவே, செட்டப் திரையைத் திறந்து பார்த்துவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"அக்கா, நான் வச்ச செட்டிங் மறுபடி மாறிக் கெடக்கு. வீட்டுல எதையாச்சும் அமுக்குனீகளா?"

"சத்தியமா இல்ல தம்பி. சுச்சப் போட்டேன், அம்புட்டுத்தேன்."

அவன் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அந்த வரியை மாற்றி வைத்தான். இரண்டு பெயரும் வந்தன. எந்தப் பொத்தானை அழுத்துகிறான், எந்த வரியை மாற்றுகிறான் என்று இந்த முறை அவள் கவனமாகப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டில் மறுபடியும் வரவில்லை. சுருளிராஜன் சிபியுவைச் சுற்றி வந்து பார்த்தார். "பெரியகுளத்துல ஓடுது, இங்கன மட்டும் ஓடலைன்னா நம்ம வீட்டுக் கரன்டுல ஏதோ கோளாறு" என்றார். அப்படியும் இருக்குமோ என்று அவளுக்கே தோன்றியது. பிளக்கை அடுப்படி சுவரில் மாட்டிக்கூடப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் காலையில் அவளே செட்டப் திரைக்குள் போனாள். பார்த்துவைத்த அந்த ஒரு வரியை மாற்றினாள். இரண்டு பெயரும் வந்து நின்றன. விண்டோஸைத் திறந்து முதல் வேலையாகப் பத்திரிகையைப் போனுக்கு அனுப்பிவைத்தாள். பிறகு லினக்ஸையும் திறந்து பார்த்தாள். கணினியை நிறுத்தினாள், போட்டாள், மறுபடி நிறுத்தினாள். எல்லாம் சரியாக இருந்தது. சரி, தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் மலைப்பக்கம் இடி இடித்தது. முதல் நாள் கத்தி அடங்கிய யூ.பி.எஸ். பழுதாகி ரிப்பேருக்குப் போயிருந்ததால், பயந்து கணினியை நிறுத்திச் சுவர் சுவிட்சையும் அணைத்தாள். மழை விட்டபின் போட்டால் கறுப்புத் திரை.

இப்போது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. காலையிலிருந்து நிறுத்தி நிறுத்திப் போட்டபோதெல்லாம் வந்தது. இப்போது மட்டும் என்ன? வேறாகச் செய்தது ஒன்றே ஒன்றுதான், சுவர் சுவிட்சை அணைத்தது. அந்த வரியை மறுபடி மாற்றி, வேண்டுமென்றே சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். செட்டிங் மாறிவிட்டிருந்தது.

பஸ்ஸில் கொண்டுவந்தபோதும் பிளக்கைப் பிடுங்கித்தானே கொண்டுவந்தோம்!

வினோத்ராஜிடம் சொன்னாள். அவனும் குழம்பினான். "அந்தத் திரையில வேற என்ன தெரியுதுன்னு வாசிங்க."

"நேரம் தப்பாக் காட்டுது."

"அது கெடக்கட்டும்க்கா. ரெண்டு சிஸ்டம் இருந்தா நேரம் கொஞ்சம் முன்னப் பின்ன காட்டும்."

"நேரமில்லப்பா, வருசமே தப்பு. நம்ம கம்ப்யூட்டர் வாங்கறதுக்கு முன்னாடி வருசம். ஜனவரி ஒண்ணுன்னு போட்டிருக்கு."

வினோத்ராஜுக்குச் சட்டென்று பிடிபட்டது.

"அக்கா, உள்ள வட்டமா ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது செத்துப்போச்சு. கரன்ட் அறவே நின்னா தேதியும் செட்டிங்கும் மறந்துரும். இத்தன நாளா யூ.பி.எஸ். ஆன்லயே இருந்துச்சு, தெரியல. அஜய்குமாருக்கும் கடையில பிளக்கப் புடுங்க வேண்டிய அவசியம் வரல."

பஸ் ஸ்டாண்டு வாட்ச் கடையில் அந்த பேட்டரி கிடைத்தது. ஸ்க்ரூவைக் கழற்றிப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினாள். தேதியைச் சரி செய்தாள், அந்த வரியை மாற்றினாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போய்ச் சோறு சாப்பிட்டு வந்து போட்டாள். இரண்டு பெயரும் வந்தன. அதற்குமேல் சோதிக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

அஜய்குமாரிடம் சொன்னபோது, "தப்பா நெனச்சுக்காதீகக்கா, நீங்கதான் எதையோ நோண்டுறீகன்னு நெனச்சேன்" என்றான்.

அன்று சாயங்காலம் மலைச்சாமி வந்து பத்திரிகைக் கட்டை வாங்கிக்கொண்டு போனார். வேனை நிறுத்திவிட்டு வந்த சுருளிராஜன், "கடைசியில என்னதான் கோளாறாம்?" என்று கேட்டார்.

"பேட்டரிங்க."

"யூ.பி.எஸ். பேட்டரியா?"

"அது வேற. இது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு."

"கரன்டுல ஓடுற கம்ப்யூட்டருக்கு உள்ள எதுக்குப் பேட்டரி?"

அவள் சொல்லத் தொடங்கினாள். தேதி, செட்டிங், சுவர் சுவிட்ச் என்று பாதி தூரம் போனபோது அவளுக்கே சந்தேகம் வந்தது. அப்படியானால் முதல் நாள் கரன்ட் போகாமல் இருந்திருந்தால்? அந்த லினக்ஸ் ஒழுங்காக ஏறியிருக்குமா? பேட்டரி செத்தது தெரியாமலே இன்னும் எத்தனை நாள் போயிருக்கும்? அப்படியென்றால் கரன்ட் போனது நல்லதா, கெட்டதா?

"எனக்கும் முழுசா வெளங்கலங்க" என்று சொல்லிவிட்டு, காப்பி போட எழுந்து போனாள்.