கதவு வைக்காத வீட்டுக்குக் குடிபோனோம்

இது நடந்து இன்னும் ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. அப்போது திண்டிவனத்தில், மரக்காணம் ரோட்டுப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் நானும் என் மகளும் இருந்தோம். என் கணவர் வளைகுடா நாடு ஒன்றில் ஏ.சி. மெக்கானிக். போய்ப் பதினான்கு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருவார். நான் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். மகள் பத்தாம் வகுப்பு. பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

நாங்கள் இருந்தது கீழ்வீடு. மாடியில் ஒரே அறை. அதில் வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். வயது அறுபதுக்கு மேல், முட்டிவலி. அவருக்கு ஒரே மகன். அவரும் என் கணவர் இருக்கிற அதே நாட்டில்தான், ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. மனைவி, இரண்டு பிள்ளைகளோடு நகரத்தில் குடும்பமாக இருந்தார். என் கணவர் இருந்ததோ ஊருக்கு வெளியே தொழிலாளர் கேம்ப்பில். ஒரே நாடு என்றாலும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

ஆறு வருஷம் குடியிருந்தும் எனக்கும் அந்த அம்மாவுக்கும் பெரிய ஒட்டுதல் கிடையாது. மோட்டார் எப்போது போடுவது, வண்டியை எங்கே நிறுத்துவது, இந்த அளவுக்குத்தான் பேச்சு. எனக்கும் அது போதுமாக இருந்தது. எப்படியும் சீக்கிரம் சொந்த வீட்டுக்குப் போகப் போகிறோம் என்ற நினைப்பு.

ஊருக்கு வெளியே வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். கீழே ஹால், இரண்டு ரூம், சமையலறை. மேலே இன்னும் இரண்டு ரூம். எல்லாம் என் கணவர் போனிலேயே போட்ட பிளான். கீழ்த்தளத்துக்குக் கான்கிரீட் போட்டாயிற்று. உள்பூச்சும் முடிந்திருந்தது. கதவு, சன்னல், தரை, வயரிங் எதுவும் ஆகவில்லை.

அந்த நேரத்தில்தான் வளைகுடாப் பக்கம் சண்டை ஆரம்பித்தது. டிவியில் வானத்தில் நெருப்பு பறக்கிறதைக் காட்டினார்கள். போன் செய்தால் இவர், “எங்களுக்கு அதெல்லாம் ரொம்ப தூரம். நீ நியூஸ் பாக்காத” என்று சிரித்தார். அடுத்த வாரம் கம்பெனி வேலையை நிறுத்திவிட்டது. சம்பளம் வரவில்லை. இங்கே கேஸ் புக் பண்ணினால் சிலிண்டர் வரவில்லை. மேஸ்திரி வந்து, பைப்பு, வயரு, பெயின்ட்டு எல்லாம் விலை ஏறிவிட்டது என்றார். “அங்க குண்டு போட்டா இங்க பைப்பு விலை ஏறுதுக்கா. பேஜாரா இருக்குது” என்றார். வேலையை நிறுத்திவிடச் சொன்னேன்.

அதற்கப்புறம் ஒருநாள் இவருடைய போன் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. கூட வேலை பார்க்கிறவர்கள் என்று எனக்குத் தெரிந்த இரண்டு நம்பரும் போகவில்லை. கம்பெனி ஆபீஸ் நம்பருக்கு அடித்தால் இங்கிலீஷில் ஒரு குரல் எதையோ சொல்லிவிட்டு நின்றுவிடும். பகலில் கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்யும், காது மட்டும் போனிலேயே இருக்கும். முகையூரில் இருக்கிற என் அண்ணன் அங்கே வந்துவிடச் சொன்னார். மகளின் பரீட்சையை விட்டுவிட்டு எங்கே போவது?

நான்காம் நாள் சாயங்காலம் வீட்டுக்கார அம்மா படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கி வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, தன் மகனுக்கும் வேலை போய்விட்டது, குடும்பத்தோடு திரும்பி வருகிறான், மாடியில் ஐந்து பேர் இருக்க முடியாது, ஒரு மாசத்தில் காலி பண்ணிக் கொடுக்க முடியுமா என்று இழுத்து இழுத்துக் கேட்டார். அதே மூச்சில், “உங்க வூட்டுக்காரரு கேம்ப்பு எந்தப் பக்கம்மா?” என்றும் கேட்டார்.

எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. ஆள் இருக்கிறாரா இல்லையா என்று விசாரித்துவிட்டு அதற்கேற்றபடி காலி பண்ண வைக்கப் பார்க்கிறார் என்று தோன்றியது. “உங்க புள்ள பொண்டாட்டி புள்ளைங்களோட பத்திரமா வருது. அந்தத் திமிருதான் உங்கள இப்படிக் கேக்க வெக்குது. எம் புருஷன் உயிரோட இருக்காரான்னே எனக்குத் தெரியாது. நான் காலி பண்ண மாட்டேன், ஆனத பாத்துக்கங்க” என்று கத்தினேன். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அந்த அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேலே போய்விட்டார். அன்றைக்கு எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம். வெயில் கொளுத்தியது. கடை வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து வீட்டுக்கார அம்மா இறங்கினார். தெருமுனைக் கடைக்குக்கூடப் போகாதவர். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே தன் போனைக் கல்லா மேல் நீட்டி, “பேசு” என்றார்.

என் கணவர் குரல். “அழாத. நல்லாத்தான் இருக்கேன். சாப்ட்டேன்” என்றார். நான் அழவே ஆரம்பிக்கவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் அழுதேன். என் முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, வந்திருந்தவர்களுக்கு அவரே மருந்து கொடுக்க ஆரம்பித்தார்.

நடந்தது இதுதான். கேம்ப்புக்குப் பக்கத்தில் ஏதோ விழுந்ததால் எல்லோரையும் அவசரமாக வேன் ஏற்றி ஒரு குடோனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே நெட் கிடையாது. போனில் காசு போடக் கையில் பணமும் இல்லை. வீட்டுக்கார அம்மா மறுநாள் காலையில், நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு, என் மகளைக் கூப்பிட்டு கேம்ப் பெயரை எழுதி வாங்கி மகனுக்கு அனுப்பியிருக்கிறார். மகள் நான் திட்டுவேன் என்று பயந்து என்னிடம் சொல்லவில்லை. அந்த மகன் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, சைரன் அடிக்கிற ஊரில் இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். கேம்ப் காலியாகக் கிடந்திருக்கிறது. வாட்ச்மேனைக் கேட்டு, இன்னும் இரண்டு இடம் அலைந்து, மூன்றாவதாகத்தான் அந்த குடோனைக் கண்டுபிடித்திருக்கிறார். இவருடைய போன் சார்ஜ் தீர்ந்து கிடந்ததால் என் நம்பர் தெரியாமல், தன் போனிலிருந்து அவர் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். அங்கே இருந்த எல்லோருக்கும் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போனாராம்.

அன்று சாயங்காலம் மாடிக்குப் போனேன். ஆறு வருஷத்தில் அந்த அறைக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. ஒரு கட்டில், ஒரு பீரோ, ஓரமாக ஸ்டவ், அவ்வளவுதான் இடம். மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் நின்றேன். அவரே என்னைக் கட்டிலில் உட்கார வைத்தார்.

“எம் புள்ள தெனம் பேசறான். உங்க வூட்டுக்காரரு பேசல. அது தெரிஞ்சிக்கினு கீழ வந்து உன் மூஞ்சியப் பாக்கவே எனக்குக் கூச்சமா இருந்துச்சி. அட்ரஸ் கேக்கத்தான்மா வந்தேன். வூட்டு விஷயத்த முன்னால சொல்லித் தொலச்சிட்டேன்” என்றார்.

நான் கத்தியதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. காலி பண்ண வேண்டாம், நாங்கள் ஐந்து பேரும் மேலேயே சமாளித்துக்கொள்கிறோம் என்றும் சொன்னார். அந்த அறையை இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தேன். “இல்லம்மா, நாங்க எங்க வூட்டுக்கே போறோம்” என்று சொல்லிவிட்டேன். அந்த நிமிஷம் வரைக்கும் அப்படி ஒரு யோசனையே எனக்கு இல்லை.

அண்ணன் திட்டினார். கணவர், “கதவுகூட வைக்கலையே” என்றார். மேஸ்திரிதான், “வாங்கக்கா, பாத்துக்கலாம்” என்று முதல் ஆளாகச் சொன்னவர். பழைய பிளைவுட்டை அறுத்து வாசலுக்கு ஒரு கதவு மாட்டிக் கொடுத்தார். சன்னல்களுக்குத் தார்ப்பாய் கட்டினோம். கட்டடத்துக்கு வாங்கியிருந்த தற்காலிகக் கரண்டில் இரண்டு பல்பும் ஒரு ஃபேனும் ஓடின. பாத்ரூமுக்குப் பழைய புடவைதான் திரை. உள்ளே ஆள் இருப்பது தெரிவதற்காக என் மகள் சத்தமாகப் பாடிக்கொண்டே குளிப்பாள். சிலிண்டர் வரும்வரை வெளியே மூன்று கல் வைத்து, சென்ட்ரிங் அடித்து மிச்சமான கட்டைத் துண்டுகளை எரித்துச் சமைத்தேன். ஒருநாள் பக்கத்துக் கொல்லையில் மேய்ந்த ஆடு உள்ளே வந்து அறிவியல் நோட்டில் நாலு பக்கத்தைத் தின்றுவிட்டுப் போனது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். அப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆகியிருந்தது!

நோட்டுக் கதையைக் கேட்ட வீட்டுக்கார அம்மா, பரீட்சை முடிகிற வரைக்கும் பெண் தன்னோடு இருக்கட்டும் என்று கூப்பிட்டுக்கொண்டார். அந்த மாடி அறையில் தங்கிப் படித்துத்தான் அவள் அத்தனை பரீட்சையும் எழுதினாள்.

அங்கே விமானம் எல்லாம் நின்றிருந்தது. வீட்டுக்கார அம்மாவின் மகன் காரிலேயே எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டுக்குப் போய் அங்கிருந்து விமானம் ஏற முடிவு செய்தார். அவர்கள் நாலு பேர். காரில் இன்னும் ஒரு சீட் இருந்தது. அதில் என் கணவரை ஏற்றிக்கொண்டார். அந்த சீட்டில் வைப்பதாக இருந்த சாமானுக்கு டிக்கியில் இடம் போதாமல், தங்கள் பெட்டிகளில் இரண்டை அங்கேயே தெரிந்தவரிடம் விட்டுவிட்டு வந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

சென்னையிலிருந்து வாடகை வேனில் வந்தார்கள். பொழுது விடிகிற நேரம் நானும் அந்த அம்மாவும் பைபாஸில் நின்றிருந்தோம். வேன் நின்றதும் அவர் பேரப் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டார். என் கணவர் ஒரே ஒரு பையோடு இறங்கினார். ரொம்ப இளைத்திருந்தார்.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகையில் எனக்கு ஒரே யோசனை. எவ்வளவு பெரிசாகக் கனவு கண்டவர், இதைப் பார்த்து என்ன ஆவாரோ என்று. அவர் ஒவ்வொரு ரூமாகப் போய் நின்று சுவரைத் தடவிப் பார்த்தார். சின்ன ரூமுக்குள் போனவர் வெறும் சிமென்ட் தரையில் அப்படியே மல்லாந்து படுத்துவிட்டார்.

“இது நமக்கு மட்டுமா?” என்று கேட்டார்.

அப்புறம்தான் சொன்னார். பதினான்கு வருஷமாக ஒரு ரூமில் பத்துப் பேராம். ஒருவர் வேலைக்குப் போவார், ஒருவர் வருவார், லைட்டை அணைத்ததே கிடையாதாம். எனக்கு இது எதுவுமே தெரியாது. போனில் எப்போதும் சிரித்த முகத்தை மட்டும்தான் காட்டியிருக்கிறார். மாடி வேண்டாம், இதுவே தனக்குப் பெருசு என்றார். அன்று சாயங்காலம் வரைக்கும் தூங்கினார். நான் வேலைக்குப் போகாமல் அந்தத் தார்ப்பாய் படபடக்காமல் பிடித்துக் கட்டிவிட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அவர் விழுப்புரத்தில் ஏ.சி. சர்வீஸ் கடையில் வேலை செய்கிறார். அங்கே வாங்கியதில் பாதிக்கும் கீழேதான் சம்பளம். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறார். வீட்டுக்கார அம்மாவின் மகனுக்கும் விழுப்புரத்திலேயே ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை கிடைத்தது. இரண்டு பேரும் காலையில் ஒரே பாசஞ்சர் ரயிலில் போகிறார்கள். எங்கள் வீட்டில் பாத்ரூமுக்கும் வாசலுக்கும் கதவு வந்தாயிற்று. சன்னல்களை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருக்கிறோம். மகள் பாஸ் பண்ணிவிட்டாள், அறிவியலில்தான் மார்க் அதிகம்.

நான் அன்றைக்குத் தெருவில் நின்று கத்தியதை அந்த அம்மா இன்றுவரை ஒரு பேச்சில்கூடத் திருப்பிச் சொன்னதில்லை. அவ்வளவையும் வாங்கிக்கொண்டு மேலே போனவர், கோபத்தில் அந்த அட்ரஸை மட்டும் கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில நாள் வேலையின் நடுவே நினைத்துப் பார்ப்பேன். யாராவது என் எதிரில் வந்து தயங்கித் தயங்கிப் பேசினால், அவர்கள் சொல்ல வந்தது முழுவதும் வெளியே வருகிற வரைக்கும் வாயைத் திறக்காமல் காத்திருக்க அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன்.