வாங்கி வைத்த மாத்திரை

அன்று தறிக் குடோனில் இருந்தவர்கள் நாலு பேர். முதலாளி. நூல் சுற்றும் அக்கா. மாதம் ஒருமுறை வீடு தேடி அரசாங்கப் பிரஷர் மாத்திரை கொண்டுவரும் அம்மணி. அப்புறம் நான், தறி ஓட்டுகிறவன்.

சூலூர் பக்கம் ஊர். பராமரிப்பு என்று கரண்டை நிறுத்தியிருந்தார்கள். தறிச் சத்தம் இல்லாததால் பேச்சு வந்தது. மற்ற நாளில் கத்தினால்தான் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும்.

முதலாளி கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மணி பையை இறக்குவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

“ஏனுங் அம்மணி, ஊடு ஊடாப் போயிக் குடுக்கறீங்களே, எவனாச்சும் திங்கறானுங்களா? நம்ம வரிப்பணமுங்க. அத்தனையும் குப்பைக்குத்தான் போகுது.”

அக்கா விடவில்லை. “உங்க தறிக்கு ஓசிக் கரண்டு வருதே தம்பி, அது ஆரு ஊட்டு வரிங்க?”

“அது தொழிலுக்குங்க்கா.”

“தறி ஓட்டறவன் உழுந்துட்டா தொழிலு எப்படீங்க ஓடும்?”

“அக்காளுக்கு எலெக்சன்ல ஒரு சீட்டு வாங்கிக் குடுக்கோணும்” என்று முதலாளி சிரித்தார். “ஆசுபத்திரியே வேண்டாங்கலீங்க. வேணுங்கறவன் போயி வாங்கிக்கட்டும். தேடி வந்து குடுத்தா மதிப்பிருக்காது.”

“போயி நின்னா அரை நாள் கூலி போயிருமுங்க. நீங்க தருவீங்களா?”



இதற்குள் அந்த அம்மணி என் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்துவிட்டார். இன்னொரு முறையும் பார்த்தார்.

“ஏனுங்ணா, மாத்திரை தெனமும் சாப்பிடறீங்களா?”

“சாப்பிடறனுங்க.”

பொய். முதலில் ஆறு நாள் சாப்பிட்டேன். தறி முன்னால் நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. நிறுத்திவிட்டேன். அதைச் சொல்லவில்லை. வெயிலில் நடந்து வந்து கொடுக்கிறவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மாதா மாதம் கை நீட்டி வாங்கினேன். டீ குடித்துவிட்டுப் போங்க என்றும் சொன்னேன். இப்படி ஏழு மாதம்.

அந்த அம்மணி பேனாவை மூடினார்.

“டாக்டரம்மா கூப்பிட்டுக் கேட்டாங்க. உங்க சீட்டைக் காட்டித்தானுங்ணா. மாத்திரை குடுத்ததா எழுதியிருக்குது, பிரஷர் எறங்கவே இல்ல, நீ ஊட்டுக்குப் போறியா, உக்காந்த எடத்துல எழுதறியான்னு. இந்த மாசமும் இப்படி இருந்தா வேற ஆளப் போட்டுக்கறேன்னுட்டாங்க.”

“மாத்திரைல சரக்கு இருக்காதுங்க” என்றார் முதலாளி. “டெண்டர் எடுத்தவன் சுண்ணாம்ப உருட்டிக் குடுத்திருப்பான்.”

“நீங்க சித்த சும்மா இருங்க தம்பி” என்றார் அக்கா.

நான் எழுந்தேன். என் வீடு குடோனுக்குப் பின்னால், லைன் வீடு. அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்த பையை எடுத்து வந்து முதலாளியின் மேசையில் கவிழ்த்தேன்.

“நான் திங்கலீங்க அம்மணி. தல சுத்துச்சு. நீங்க ஒழுங்காத்தான் குடுத்தீங்க. நான்தான் பொய் சொல்லிப்போட்டேன்.”



“ஊரெல்லாம் தேடிட்டு இருந்தனுங்க” என்றார் முதலாளி. “ஆளு என்ற குடோன்லயே இருக்கறான்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் காது சுட்டது. அந்த அம்மணி சிரிக்கவில்லை.

“அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற மாத்திர மாத்திக் குடுத்திருப்பாங்களுங்ணா. நாளைக்கு வந்து டாக்டரம்மாகிட்ட உங்க வாயால சொல்லோணும். வாரீங்களா?”

“வாரனுங்க.”

முதலாளியைப் பார்த்தேன். “போயிட்டு வாப்பா” என்றார். கூலியைப் பற்றி அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

“எண்ணி எழுதிக்கறேனுங்க” என்று அந்த அம்மணி நோட்டைத் திறந்தார். அக்காவும் நானும் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். அட்டைக்குப் பத்து மாத்திரை. பிரிக்காத அட்டை இருபது. பிரித்தது ஒன்று, அதில் மீதி நான்கு. அவர் எழுதி என் பக்கம் திருப்பினார். கீழே கையெழுத்துப் போட்டேன்.

இருநூற்று நான்கு.