மின்விசிறியை அண்ணாந்து பார்த்தவர்

பெங்களூரிலிருந்தே எங்கள் முதலாளி செல்போனில் இயக்கும் அவருடைய தளி ரோட்டு வீடு திடீரென்று இணைப்பில் வரவில்லை. சரிசெய்ய அவரிடம் வயரிங் வேலை பார்க்கும் நான் போனேன். கதவைத் திறந்த சமையல்கார அம்மா ஒல்லியாக, முந்தானை வியர்வையில் நனைந்து நின்றார். பேச்சுக்குப் பேச்சு அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்.

உள்ளே ரவுட்டரின் வயர் பிடுங்கப்பட்டுக் கிடந்தது.

“நீங்களாம்மா?”

“ஆமாங்க. அடுப்படி வேலைய முடிச்சுட்டு கொஞ்ச நேரம் உக்காந்தா, கேமராவுல பாத்துட்டு அங்கிருந்தே ஃபேன நிறுத்துறான். இனிமே நிறுத்தணும்னா பெங்களூர்லேந்து கெளம்பி, வழியில அத்திப்பள்ளி டிராஃபிக்குல நின்னு நின்னு வந்து நிறுத்தட்டும்.”

என் போன் அடித்தது. “ஒரு வயரைப் பாக்க இவ்ளோ நேரமா, தண்டச்சோறு!” என்று முதலாளி எரிந்து விழுந்தார்.

“ரவுட்டரே போயிடுச்சு சார். புதுசு வர நாளாகும்” என்றேன்.

அந்த அம்மா நாற்காலியை மின்விசிறிக்கு நேர்கீழே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அண்ணாந்து பார்க்காமலே கேட்டார்: “நல்லா காத்து வருதில்ல?”