அம்மாவின் வலது கை

பக்கத்து வீட்டுப் பெண் காய்ந்த விறகை முழங்காலில் வைத்து முறித்தாள். அந்தச் சத்தத்தில் நான் மறுபடியும் ஏழு வயதுப் பிள்ளையாகிவிட்டேன்.

கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில், ஆற்றோரம், எங்களுக்கு ஒற்றை அறை. அப்பா மாட்டுவண்டி ஓட்டினார். அன்று அவருடைய சாராயத்தை அம்மா வாசலில் கொட்டிவிட்டாள்; வாடை அறை முழுக்க நின்றது.

"யாரைக் கேட்டுடி ஊத்துன?"

அப்பா உலக்கையை எடுத்தார். தலைக்கு வந்த அடியை அம்மா வலது கையால் தடுத்தாள். விறகு முறிகிற இதே சத்தந்தான். முறிந்த கைமேலேயே மறுபடியும் அடித்தார். குறுக்கே ஓடிய என்னை உதைத்ததில் உதடு கிழிந்தது.

மறுநாள் அப்பா மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். சாமியார் மன்னித்தார். பிறகு அப்பா குடிக்கவுமில்லை, அடிக்கவுமில்லை. ஆனால் நாட்டு வைத்தியரான வெதமாத்தயா எண்ணெய் போட்டுக் கட்டியும் அம்மாவின் கை தானாக உயரவில்லை. ஒவ்வொரு பூசையிலும் அப்பாதான் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை போட்டுவிடுவார்.

"ஆண்டவரே, என் கையை நீங்க புடிச்சுக்குங்க" என்று முணுமுணுப்பார்.

"இடது கையால போட்டுக்கக் கூடாதாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போட்டுக்கலாந்தான். அவரு கை சும்மா இருந்தா எனக்கு இன்னும் பயமா இருக்குடி."

பக்கத்து வீட்டில் இன்னொரு விறகு முறிகிறது. என் கை தானாக நெற்றிக்குப் போகிறது. சிலுவை போடவா, அடியைத் தடுக்கவா என்று எனக்கே தெரியவில்லை.